வண்டி எப்போது நிற்கிறது?

தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:9-18



இந்த வாரத் தியானத்தை ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன். வேதபகுதிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ண வேண்டாம். ஆசாரியனாகிய ஏலியின் தவறு எனக்கு விளங்கியது இறையியல் கல்லூரி வகுப்பறையில் அல்ல. சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளை செல்லும் சாலையோரம், நின்றுபோன ஒரு வண்டியின் அருகில்தான்.

என்னிடம் 1989-ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்று இருக்கிறது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் உருவான, வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட 346 சி.சி. வண்டி. இக்காலத்து வண்டிகளில் இருப்பதுபோன்ற மின்னணுக் கருவிகள் இதில் இல்லை. பாயிண்ட் என்று நாம் சொல்லும் ஒரு சிறிய தொடுமுனை திறந்து மூடுவதால்தான் பிளக்கில் பொறி உண்டாகிறது. பெட்ரோலை எந்தப் பம்பும் தள்ளுவதில்லை. மேலே டாங்க், கீழே கார்புரேட்டர், தன் எடையினாலேயே பெட்ரோல் இறங்கிவர வேண்டும். சேகரத்தின் கிராம ஆலயங்களுக்கெல்லாம் பல ஆண்டுகளாக இந்த வண்டியில்தான் போய்வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அதற்கு ஒரு நோய் வந்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். சத்தம் சீராக இருக்கும். சில கிலோமீட்டர் ஓடியதும் இழுவை குறையும். கைப்பிடியைத் திருகினாலும் வேகம் ஏறாது. மூச்சுத் திணறுகிறவனைப்போல இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் மரநிழலில் நிறுத்திவைத்தால், ஒன்றுமே நடவாததுபோல மறுபடியும் கிளம்பும். மீண்டும் சில கிலோமீட்டர். மீண்டும் அதே கதை.

வண்டிகளைப் பற்றி எனக்குச் சற்றுத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. ஆகவே உடனே தீர்ப்புச் சொன்னேன்: "சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது. ஆகவே சூட்டில் கெடும் ஏதோ ஒரு மின்உறுப்புத்தான் காரணம்." என் எண்ணம் நியாயமற்றது அல்ல. கண்டன்சர் பழுதானால் பல வண்டிகள் இப்படித்தான் செய்யும். கண்டன்சரை மாற்றினேன். குறை தீரவில்லை. பாயிண்டை மாற்றி, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே வைத்தேன். தீரவில்லை. காயில், பிளக், கடைசியில் கார்புரேட்டரையும் கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். தீரவில்லை. பெட்ரோலில்தான் கலப்படம் என்று முடிவுசெய்து, வேறொரு பங்கில் டாங்கின் விளிம்புவரை நிரப்பினேன். அன்றைக்கு வண்டி 4 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

அதே மாதங்களில் எங்கள் கிராம ஆலயம் ஒன்றில் வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆர்கன் வாசிக்கும் வாலிபன் ஒருவன் உண்டு. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம் என்று எதற்கு அழைத்தாலும் வருகிறவன். அவன் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு மாறிப்போனான். ஆராதனை தொடங்கும்போது நன்றாகவே வாசிப்பான். பிரசங்கம் பாதியைக் கடக்கும்போது அவன் முகம் வாடும். கடைசிப் பாட்டுக்கு ஆர்கனில் ஆள் இருக்காது. திருவிருந்து ஆராதனையிலும் இரண்டு முறை இடையில் எழுந்து போய்விட்டான்.

அவனுக்கும் நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். "இந்தப் பிள்ளைக்கு ஆதியில் இருந்த அன்பு குளிர்ந்துவிட்டது." இது நியாயமற்ற எண்ணமா? முப்பது ஆண்டு ஊழியத்தில் அப்படிக் குளிர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கண்டித்தேன். அவன் மாறவில்லை. பொறுப்புக் கூடினால் ஈடுபாடும் கூடும் என்று எண்ணி, வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் பொறுப்பையும் அவன் தோளில் வைத்தேன். அதன்பின் இன்னும் சீக்கிரமாக எழுந்து போனான். இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நின்று, கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவர்களைக் குறித்துப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சபையார் எல்லாரும் ஆர்கனின் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவன் ஆலயத்துக்கே வரவில்லை.

தபசுகாலத்தின் நான்காம் வாரத்தில் வண்டியை ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சாலையோரத்தில் ஓலைக்கூரை போட்ட சிறு பட்டறை. பழைய புல்லட்டுகளையே வாழ்நாளெல்லாம் பார்த்துவருகிறவர். நான் மாற்றிய உறுப்புகளின் பட்டியலை அவரிடம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஐயா, நீங்க என்ன மாத்துனீங்கன்னு அப்புறம் கேக்கேன். வண்டி எப்போ நிக்கிதுன்னு சொல்லுங்க."

"சூடானால் நிற்கிறது அண்ணாச்சி."

"சூடானாலா, தூரம் போனாலா? வெயில்ல நிறுத்தி வச்சு, ஓடாம வெறும் ஐடிலிங்ல விட்டுப் பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை.

"ஒரே வெட்டா நிக்கிதா, இழுத்து இழுத்து நிக்கிதா?"

"இழுத்து இழுத்துத்தான்."

"டாங்க் நிறைய இருந்தா எத்தன கிலோமீட்டர் போகுது? பாதி இருந்தா எத்தன?"

இந்தக் கேள்வி எனக்கு விசித்திரமாகத் தோன்றியது. ஆனால் நினைத்துப் பார்த்தபோது பதில் இருந்தது. நிரப்பிய அன்று 4 கிலோமீட்டர். பாதி இருக்கும்போது 15 கிலோமீட்டர்வரை ஓடியிருக்கிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"இந்த நோவு வாரதுக்கு முன்னால வண்டியில நீங்க எதைத் தொட்டீங்க?"

"ஒன்றையும் தொடவில்லை" என்றேன். அப்படித்தான் உறுதியாக எண்ணியிருந்தேன்.

அவர் இன்ஜினில் எதையும் கழற்றவில்லை. என்னைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அந்தச் சாலையில் வண்டியை ஓட்டினார். 6 கிலோமீட்டர் போனதும் வழக்கம்போல இருமி நின்றது. முதலில் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உதைத்துப் பார்த்த பிறகும் அது ஈரமில்லாமல் உலர்ந்திருந்தது. "பொறி வராம நின்னிருந்தா, எரியாத பெட்ரோல் பிளக்கை நனைச்சிருக்கும். இது காஞ்சு கிடக்கு. பசியில நின்ன வண்டி ஐயா இது." பிறகு டாங்க் மூடியின்மேல் கையை வைத்து, "கேளுங்க" என்று சொல்லி மெதுவாகத் திருகினார். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் எழுந்தது. அரை நிமிடம் கழித்து ஓர் உதை. வண்டி ஓடியது.

பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால், இறங்கிய அளவுக்குக் காற்று மேலே நுழைய வேண்டும். அதற்காகவே டாங்க் மூடியில் ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டாங்கின் உள்ளே காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பெட்ரோல் தன் எடையால் இறங்க முடியாமல் நின்றுவிடும். நிறைந்த டாங்கில் காற்றுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு; சிறிதளவு பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் பட்டினி. பத்து நிமிடம் நிறுத்தினால், மரையின் இடுக்குகள் வழியே சிறிது காற்று நுழைந்து, கார்புரேட்டரின் கிண்ணம் மறுபடியும் நிறையும். வண்டி ஆறியதால் ஓடுகிறது என்று நான் எண்ணியது பிழை. சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மெக்கானிக் மூடியைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். அங்கே வட்டமாக வெட்டிய ஒரு சைக்கிள் டியூப் துண்டு, பெட்ரோலில் ஊறி உப்பி, துவாரத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை வைத்தவன் நான்தான். கார்த்திகை மாத மழையில் டாங்குக்குள் தண்ணீர் இறங்கிற்று. அதைத் தடுப்பதற்காக என் கையாலேயே வெட்டி வைத்தேன். வண்டிக்கு நன்மை செய்ததாக எண்ணி, மறந்தும் போனேன்.

அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் வண்டி சீராக ஓடியது. என் மனம்தான் ஓடவில்லை. அந்த வாலிபனைக் குறித்து ஒரு கேள்வியையாவது நான் கேட்டிருக்கிறேனா? அவன் எப்போது எழுந்து போகிறான் என்று கவனித்தேனே தவிர, ஏன் அந்த நேரத்தில் போகிறான் என்று கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி அவன் வீட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கடைக்குப் போய்விட்டு ஓடிவந்தான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. தாழ்ப்பாளைத் திறந்ததும் அவன் தாயார் வெளியே வந்தார்கள். ஞாயிறு பள்ளியில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அம்மா. என்னைப் பார்த்து, "தம்பி யாரு?" என்று கேட்டார்கள்.

மறதி நோய். மழைக்காலத்தில் ஓர் இரவு அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்களாம். அன்றுமுதல் இரவில் அவன் சரியாகத் தூங்கவில்லை. அக்காமார் திருமணமாகித் தொலைவில் இருக்கிறார்கள். ஞாயிறு காலை அம்மாவுக்கு உணவு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு ஆராதனைக்கு வருவான். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குமேல் அவர்களைத் தனியே விடமுடியாது. பிரசங்கத்தின் நடுவே அவன் முகம் வாடியதற்கும், கடைசிப் பாட்டுக்குமுன் எழுந்து போனதற்கும் அதுதான் காரணம். செயலாளர் பொறுப்பு வந்தபின் ஆராதனைக்கு முன்பே கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. ஆகவே இன்னும் முன்னதாக ஓட வேண்டியதாயிற்று.

"தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஐயா, நவம்பர் மாசம் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்தீங்க. கஷ்டத்தை மனுஷரிடம் சொல்லிக்கொண்டிருப்பது விசுவாசக் குறைவு என்று சொன்னீங்க. நான் அதை எழுதி வைத்திருக்கிறேன்."

பிரியமானவர்களே, அந்த டியூப் துண்டையும் நான்தான் வைத்திருந்தேன். சபையில் வீண்பேச்சும் புறங்கூறுதலும் பெருகுகிறதே என்ற பாரத்தினால், நன்மை செய்வதாக எண்ணித்தான் அந்தப் பிரசங்கத்தைச் செய்தேன். பெருக்கெடுத்து வந்த தண்ணீரைத் தடுக்கப்போய், மூச்சு போய்வர வேண்டிய துவாரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டேன். முறுமுறுப்பு வேறு, முறையீடு வேறு என்று அன்றைக்கு நான் பிரித்துச் சொல்லவில்லை. வேதாகமத்தில் புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரே தமது ஆத்துமாவின் துக்கத்தை மூன்று சீஷரிடம் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னதை விசுவாசக் குறைவு என்று யார் சொல்லக்கூடும்?

இப்போது தியானப் பகுதிக்கு வருவோம். சீலோவிலே அன்னாள் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். ஏலி அவளுடைய வாயைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். உதடுகள் அசைகின்றன, சத்தம் இல்லை. அவன் கண்டது உண்மையே. அதற்குக் கொடுத்த பொருள்தான் தவறு. அங்கே புசித்துக் குடித்த வேளை அது. ஆகவே வெறித்திருக்கிறாள் என்று எண்ண அவனுக்குக் காரணமும் இருந்தது. அந்த ஆசாரியன் ஒரு கேள்வி கேட்டான் என்று சொல்லலாம். ஆனால் அது கேள்வியின் உருவத்தில் வந்த தீர்ப்பு. எதுவரைக்கும் குடிமயக்கத்தில் இருப்பாய் என்பதற்கு என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்?

ஆனாலும் அன்னாள் எழுந்து போய்விடவில்லை. தான் மனக்கிலேசமுள்ளவள் என்றும், உள்ளத்தில் உள்ளதையெல்லாம் கர்த்தருக்கு முன்பாகக் கொட்டிக்கொண்டிருப்பதாகவும் மரியாதையோடு எடுத்துச் சொன்னாள். ஏலியும் தன் கணிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டான், சமாதானத்தோடே அனுப்பினான். அவள் போய்ப் போஜனம் செய்தாள், அதன்பின் அவள் முகம் துக்கமாய் இருக்கவில்லை என்று வாசிக்கிறோம். கவனியுங்கள்: சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை. குறை அப்படியே இருக்கிறது. ஆனால் அடைபட்டிருந்தது திறந்துவிட்டது.

எல்லா ஆவிக்குரிய சோர்வுக்கும் வீட்டுக் கஷ்டமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பாவத்தினால் வரும் வறட்சியும் உண்டு. அதைப் பாவம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது நம்முடைய முதல் யூகமாக இருக்கலாகாது. கேட்குமுன்னே பதில் சொல்லுகிறவனைக் குறித்து நீதிமொழிகள் 18:13 கடுமையாகவே எச்சரிக்கிறது.

ஆகவே, உங்கள் பிள்ளையோ, வாழ்க்கைத் துணையோ, சபையில் ஒரு சகோதரனோ ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தில் நின்றுபோவதைக் கண்டால், எதையும் மாற்றுவதற்குமுன் அந்த மெக்கானிக்கின் கேள்விகளைக் கேளுங்கள். இது எப்போது நேரிடுகிறது? இது தொடங்குவதற்குமுன் என்ன நடந்தது? நான் கொடுத்த மருந்தால் நோய் குறைந்ததா, கூடியதா? இவற்றோடு, கேட்பதற்கு மிகக் கடினமான ஒன்றையும் கேளுங்கள்: இதில் நான் எதைத் தொட்டேன்?

ஒருவேளை நின்றுபோன வண்டி நீங்களாகவே இருக்கலாம். வேதம் வாசிக்கிறீர்கள், ஊழியம் செய்கிறீர்கள், நிறைந்திருக்கிறீர்கள். ஆயினும் சிறிது தூரத்துக்குமேல் போக முடியவில்லை. இன்னும் நிரப்பிக்கொண்டால் சரியாகும் என்று எண்ணாதீர்கள். கர்த்தருக்கு முன்பாகவும், நம்பத்தகுந்த ஒரு மனிதருக்கு முன்பாகவும் வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் போதகர் தவறாகப் புரிந்துகொண்டால், அன்னாளைப்போல இன்னொரு முறை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த வாலிபனின் சம்மதத்தோடு, குருத்தோலை ஞாயிறன்று அதே பிரசங்க பீடத்தில் நின்று சபையாரிடமும் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். பீடத்தில் செய்த தவறை வீட்டுக்குள் சரிசெய்ய முடியாது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இரண்டு அம்மாமார் என்னிடம் வந்து, ஞாயிறுதோறும் முறைவைத்து அந்த வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். தாயாரின் நோய் குணமாகவில்லை. நாளுக்கு நாள் கூடத்தான் செய்தது. அவர்கள் கடைசிவரை என்னை அடையாளம் கண்டுகொள்ளவும் இல்லை. ஆனால் உயிர்த்தெழுந்த திருநாளின் கடைசிப் பாட்டுக்கு ஆர்கன் ஒலித்தது.

இதை எழுதுவதற்கும் அவனிடம் அனுமதி பெற்றேன். வாசித்துவிட்டு, "டியூப் துண்டைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்க ஐயா" என்றான். அந்தத் துண்டு இன்றைக்கும் என் மேசையில், பிரசங்கக் குறிப்பேட்டின் பக்கத்தில் இருக்கிறது.

ஜெபம்: இருதயங்களை ஆராய்ந்து அறிகிற ஆண்டவரே, அறியாமலே தீர்ப்புச் சொன்ன எங்கள் நாவுகளை மன்னியும். பேசுவதற்குமுன் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் கைகளால் நாங்கள் அடைத்துவிட்டவற்றை எங்களுக்குக் காண்பியும். சொல்ல முடியாத பாரத்தோடு இந்த வாரத்தைத் தொடங்குகிற உம்முடைய பிள்ளைகளுக்கு, கேட்கும் ஒரு செவியை அருகில் அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்